மறு அறிவிப்பு வரும் வரை

எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. நேற்று உங்கள் அறையில் ஒரு காவலர் அன்போடு கொண்டுவந்து வைத்த குவளையை நான் தொடாமல் விட்டேன். அதை நீங்கள் திமிர் என்று நினைத்திருக்கக் கூடும். திமிர் இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா. தொண்டை கட்டிக்கொண்டால் குரல் எழும்பாது. குரல்தான் என் பிழைப்பு. ரயில்வேயில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றாலும் பழக்கம் விடவில்லை. வெந்நீர் கேட்டேன், கொடுத்தார்கள். நன்றி.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். "சுத்தி வளைக்காம எழுதுங்கம்மா" என்றும் சொன்னீர்கள். நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. என் தொழிலில் அதற்கு இடம் கிடையாது. எதைச் சொன்னாலும் வண்டி வந்து நிற்பதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும்.

இந்த ரயில் நிலையத்தில் கேட்கிற குரல் என்னுடையது. மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்க வேண்டாம், ஓடும் வண்டியில் ஏறவோ இறங்கவோ வேண்டாம், தண்டவாளத்தைக் கடக்க நடைமேம்பாலத்தைப் பயன்படுத்தவும், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொட வேண்டாம் என்று காலையிலிருந்து இரவு வரை சொல்லிக்கொண்டிருப்பது நான்தான். பல வருடங்களுக்கு முன்பு, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து இவற்றைப் பதிவு செய்தேன். விசிறி போட்டால் அந்தச் சத்தமும் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். வியர்வை சொட்டச் சொட்ட, முகத்தில் புன்னகையோடு பேசினேன். புன்னகைத்தபடி பேசினால் குரலில் கனிவு வரும். முடிந்ததும் நிலைய மேலாளர், "இனிமே நீங்க பட்டனத் தட்டுனா போதும்மா, குரல் தானா பேசிக்கும்" என்றார். பட்டனைத் தட்டுகிறவளுக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை.

அறிவிப்பு அறை நடைமேம்பாலத்தின் நடுவில் இருக்கிறது. அதன் கண்ணாடி ஜன்னல் வழியாக எல்லா நடைமேடைகளும் தெரியும். அங்கிருந்து நான் பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் மனசு விட்டுப்போயிருக்கும். மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள் என்பேன். எல்லோருடைய கால் விரலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும். ஓடும் வண்டியில் ஏறாதீர்கள் என்பேன். கழுத்தில் டை கட்டிய ஒருவர் ஓடிப்போய்த் தாவி ஏறி, பரிசு வாங்கியவர் போலத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். தண்டவாளத்தைக் கடக்காதீர்கள் என்பேன். ஒரு குடும்பமே முதலில் பெட்டியை இறக்கி, பிறகு குழந்தையை இறக்கி, நிதானமாகக் கடந்து போகும். ஒரு நாள், என் ஸ்பீக்கருக்கு நேர் கீழே சாய்ந்து நின்ற ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம், "இங்க அறிவிப்பெல்லாம் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டாராம். டீக்கடைக்காரர் வந்து சொன்னார்.

வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், அவ்வளவு கூர்மையான காது. சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது வேலை செய்யாது. கல்லூரிக்குப் போகும் மகளை எழுப்பினால் போர்வைக்குள் இருந்தபடியே, "அம்மாக்களின் கனிவான கவனத்திற்கு" என்று மூக்கால் பேசிக் காட்டுவாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "நான் செத்துப்போனா இந்த வீட்டுல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். என் கணவர் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "ம்... உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

இதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை. பின்னணி தெரிந்தால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

வண்டி குறைவான ஒரு மதிய நேரத்தில் விளையாட்டாகத்தான் தொடங்கினேன். வழக்கமான மணியோசை, வழக்கமான கனிவு. வாசகம் மட்டும் புதிது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நடைமேடையில் ஒட்டகங்களைக் கட்டி வைக்க வேண்டாம்." பதிவு செய்து ஓட விட்டேன். ஒரு தலையும் திரும்பவில்லை. மறுநாள், "பயணிகள் அனைவரின் மாமியார்களும் விசாரணை அறையில் காத்திருக்கிறார்கள்" என்றேன். அதற்குக்கூட ஒருவரும் பதறவில்லை ஐயா. நிலைய மேலாளர் என் அறையைக் கடந்து போகும்போது எட்டிப் பார்த்து, "குரல் இன்னிக்குப் பளிச்சுனு இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் என் வாழ்க்கையை மாற்றியது. "பயணிகள் தங்கள் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்." இரண்டாவது நடைமேடையின் கடைசியில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது, நெற்றி ஏறிய தலை, பழுப்புப் பை. அவர் பையை வலது கைக்கு மாற்றினார். கை வலித்திருக்கும் என்று நினைத்தேன். சரி பார்ப்போம் என்று, "மீண்டும் இடது கைக்கு மாற்றிக்கொள்ளவும்" என்றேன். மாற்றினார்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒருவர் கேட்கிறார். இத்தனை காலத்தில், இத்தனை கூட்டத்தில், ஒரே ஒருவர் என் பேச்சைக் கேட்கிறார்.

அவருக்குப் பழுப்புப் பைக்காரர் என்று பெயர் வைத்தேன். தினமும் மதியம் வந்து, பக்கத்து ஊருக்குப் போகும் வண்டியில் ஏறுவார்; பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். எந்த ஸ்பீக்கர் பழுது என்று கண்டுபிடிப்பதற்காக எங்கள் மின் பணியாளர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் போட்டுக் கொடுத்திருந்தார். பழுப்புப் பைக்காரரின் பெஞ்சுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன். பிறகு நாங்கள் இருவர் மட்டும்தான். வெயில் அதிகமான நாளில், "பயணிகள் தண்ணீர் குடிக்கவும்" என்பேன். எழுந்து போய்க் குடிப்பார். ஒரு நாள் சட்டைப் பொத்தானை ஏறுமாறாகப் போட்டுக்கொண்டு வந்தார். "பொத்தான்களைச் சரிபார்த்துக்கொள்ளவும்" என்றேன். அசடு வழியச் சிரித்துக்கொண்டே சரிசெய்தார். காற்று அதிகமாக அடித்த நாளில், அக்கறையோடு, "காதுகளை மூடிக்கொள்ளவும்" என்றேன். கைக்குட்டையை எடுத்துக் காதைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதன்பின் நான் எதைச் சொன்னாலும் அவருக்குக் கேட்கவில்லை. அன்று முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வாசகத்தை உடனே அழித்துவிட்டேன். இதில் கெடுதல் என்று எதைச் சொல்வீர்கள்? பெற்ற தாய்கூட அவரை இப்படிக் கவனித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

போன வாரம் அவர் என் அறைக்கே வந்து கதவைத் தட்டினார்.

"நீங்கதான் பேசுறவங்களா மேடம்?"

"ஆமா. உக்காருங்க."

சொன்னவுடன் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்தவர் யாரும் இல்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "போன வருஷம் நானும் என் வீட்டுக்காரியும் இதே ஸ்டேஷன்ல வண்டியப் புடிக்க ஓடுனோம். வண்டி நகர ஆரம்பிச்சிருச்சு. ஓடுற வண்டியில ஏறாதீங்கன்னு உங்க குரல் சொல்லிட்டே இருந்துச்சு. அவ உங்கள மாதிரியே பேசிக் காட்டிக்கிட்டே ஓடுனா. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கால வெச்சவ..."

அவளுடைய ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்றும், பக்கத்து ஊர் மருத்துவமனையில் பலமுறை அறுவை நடந்தது என்றும் சொன்னார்.

"அன்னிக்கு உங்க பேச்சக் கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா? அதுலேருந்து நீங்க சொல்ற ஒரு வார்த்தையையும் விடுறதில்ல மேடம். நீங்க சொன்னா சொன்னதுதான்."

"நல்ல பழக்கம்" என்றேன்.

"அந்த ஒட்டகம் விஷயம் மட்டும் எதுக்குன்னு புரியல. ஆனா ஏதாவது காரணம் இருக்கும்."

"இருக்கு" என்றேன்.

அப்போது அவர் முகம் மலர்ந்தது. "வர்ற வியாழக்கிழமை அவள வீட்டுக்கு அனுப்புறாங்க. அப்புறம் எனக்கு இந்தப் பக்கம் வர வேலை இருக்காது. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சந்தோஷம் என்று சொன்னேன். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கச் சொல்லி அனுப்பினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்படியேதான் இறங்கிப் போனார்.

அதன்பின் நான் எடுத்த முடிவு ஆத்திரத்தில் எடுத்தது அல்ல. நிதானமாக யோசித்தேன். விபத்து யாருக்கு நேர்கிறது? நடக்கிறவருக்கு, ஓடுகிறவருக்கு, ஏறுகிறவருக்கு, இறங்குகிறவருக்கு. உட்கார்ந்திருப்பவருக்கு எந்த நிலையத்திலாவது விபத்து நடந்திருக்கிறதா? நான் பதிவு செய்து வைத்திருக்கிற எல்லா அறிவிப்புகளையும் பிழிந்தால் சும்மா இரு என்ற ஒரே சொல்தான் மிஞ்சும். வண்டிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே ஓடுகிற ஒரு பெண்ணோடு அவரை வீட்டுக்கு அனுப்புவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? பயணிகளின் பாதுகாப்பு என் பொறுப்பு. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நேற்று வியாழக்கிழமை. முகம் மழித்து, தேய்த்த சட்டையோடு வந்தார். பழுப்புப் பைக்கு வெளியே ஒரு ஜோடி புதுச் செருப்பு எட்டிப் பார்த்தது. ஒரு கால் இல்லாதவளுக்கு ஏன் ஜோடியாக என்று யோசித்தேன். கடையில் ஒற்றைச் செருப்பு தர மாட்டார்கள்.

வண்டி வந்து நின்றது. அவர் ஸ்பீக்கரில் மட்டும், "இந்த வண்டியில் பயணிகளுக்கு அனுமதி இல்லை. தயவு செய்து ஏற வேண்டாம்" என்றேன். எழுந்தவர் உட்கார்ந்தார். சுற்றி எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒருவரிடம் ஏறாதீர்கள் என்று கையைக்கூட ஆட்டினார். டீக்கடைக்காரர் இடையில் புகுந்ததை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.

"ஏறுங்க சார், ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமா?"

"அறிவிப்புல வேணாம்னுட்டாங்களே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்கு என்னிக்குத்தான் கேட்டிருக்கு?" என்றாராம் பழுப்புப் பைக்காரர். அந்தப் பதிலை டீக்கடைக்காரர் மேலே வந்து குறையாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வண்டிக்கும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வண்டிக்கும். நடுவில் அவருடைய கைபேசி அடித்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "நடைமேடையில் கைபேசியில் பேச வேண்டாம்" என்றேன். திரும்ப வைத்துக்கொண்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது. மருத்துவமனை வாசலில், பையைக் கட்டி வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, மற்றவர் காதில் வாங்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் அதை நீடிக்க விடக் கூடாது என்று, "கைபேசிகளை அணைத்து வைக்கவும்" என்றேன். சத்தம் நின்றது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வெயில் இறங்குகிற நேரத்தில் அவளே வந்துவிட்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த வண்டி முதல் நடைமேடையில் நின்றது. இரண்டு ஊன்றுகோல், கழுத்தில் மாட்டிய மருத்துவமனைப் பை. இறங்கி நின்று தேடினாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், "என்னங்க!" என்று ஒரு கூப்பாடு போட்டாள். என் ஜன்னலுக்குள் அது கேட்டது. அவர் துள்ளி எழுந்தார்.

அவள் தண்டவாளத்தை ஒரு பார்வை பார்த்தாள். என் கை தானாகப் பட்டனுக்குப் போனது. ஆனால் நான் தட்டுவதற்கு முன்பே அவள் திரும்பி, நடைமேம்பாலத்தின் படியில் ஊன்றுகோலை வைத்தாள். அவளும் பாடம் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று தெரிந்தது. எனக்கு அது ஏனோ பிடிக்கவில்லை. ஒவ்வொரு படியாக ஏறினாள். அந்தப் பக்கம் அவர் படிக்கட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

இதற்கு முன்பு பதிவு செய்து வைத்த எதுவும் இந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. மைக்கை இழுத்து நேரடியாகவே பேசினேன். அந்த நடைமேடையில் இருந்த எல்லா ஸ்பீக்கரையும் திறந்துவிட்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மறு அறிவிப்பு வரும் வரை, தயவு செய்து இருக்கையில் அமர்ந்திருக்கவும்."

அவர் படிக்கட்டுக்கு முன்னால் நின்றார். மேலே பார்த்தார். திரும்பி நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது அவள் என் கதவுக்கு வெளியே வந்திருந்தாள். ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல் கதவுக்குள்ளிருந்தும் கேட்டிருக்க வேண்டும். ஊன்றுகோலால் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"நீங்கதானா அது?"

"உள்ள வர அனுமதி இல்லம்மா."

அவள் என் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை, புருஷனைத் தெரிந்தவள்தானே.

"அவர எந்திரிக்கச் சொல்லுங்க."

"அவரு பத்திரமா இருக்காரு."

"எந்திரிக்கச் சொல்லுங்கக்கா. உங்களக் கேலி பண்ணது நான். அவரு என்ன பண்ணாரு?"

என்னை அக்கா என்றாள். அது என் மனதைத் தொட்டது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு ஊன்றுகோலை ஊன்றி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்ற ஊன்றுகோலால் மைக்கையும் பட்டன் பலகையையும் அடித்து நொறுக்கினாள். அது பொதுச் சொத்து என்பதை மட்டும் எடுத்துச் சொன்னேன். அதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள்மீது வழக்கு எதுவும் வேண்டாம். உடம்பு முடியாத பெண்.

இன்று காலை என்னை மீண்டும் உங்கள் அறைக்கு அழைத்து வந்தபோது பாலத்திலிருந்து பார்த்தேன். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அங்கேயே இருக்கிறார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். புதுச் செருப்பில் ஒன்றைப் போட்டிருந்தாள். இன்னொன்று அவர் மடியில் இருந்தது.

நடந்த முயற்சிகளை எல்லாம் காவலர் சொன்னார். மருத்துவர் வந்து பேசினாராம். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் படிக்கட்டுவரை கொண்டுபோனார்களாம். அவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாராம். கடைசியில் பயணச்சீட்டுக் கொடுக்கும் பெண்ணைக் கையொலிபெருக்கியில், "எழுந்து வரவும்" என்று சொல்ல வைத்திருக்கிறீர்கள். அவர் மரியாதையாகச் சிரித்து, "குரல் வேற" என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

என் கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். "நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. மன்னிப்பு கேட்டுட்டு வந்துரு" என்று கெஞ்சினார். நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ம்... உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். இயந்திரக் கோளாறு இல்லை, கைத்தவறு இல்லை. மனைவியை அழைத்துவரப் போன மனிதரை, அவர் யார், ஏன் என் பேச்சைக் கேட்கிறார் என்பதெல்லாம் தெரிந்தே, நான்தான் உட்கார வைத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. ஆனால் ஒரு முறைகூட அதட்டவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தயவு செய்து என்றுதான் சொன்னேன்.

புது மைக் மாட்டிவிட்டதாகவும், நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். தாராளமாக வருகிறேன். அதற்காகத்தான் காலையிலிருந்து வெந்நீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறேன்; தொண்டை நன்றாக இருக்கிறது. கட்டாயம் எழுந்திருக்கச் சொல்கிறேன். எழுந்ததும் அவர் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து, எந்தப் பக்கம் போவது என்று காத்துக்கொண்டு நிற்பார். பாவம், அதையும் நான்தானே சொல்ல வேண்டும்.